வெளிப்பக்கம் வைத்த தாழ்ப்பாள்

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் பேச்சு எங்கே போய் முடிகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பாத்ரூமில். சுவரில் கைப்பிடி வைத்தாயா, வழுக்காத டைல்ஸ் போட்டாயா, கமோடு உயரம் போதுமா என்று. முட்டி தேய்ந்த கூட்டம் வேறு எதைப் பேசும்? போன வாரம் செம்பூரில் எங்கள் கட்டடத்துக் கீழே பெண்கள் உட்காரும் பெஞ்சிலும் இதே பேச்சுதான். ஒருத்தி, தன் மருமகன் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே பாத்ரூமை உடைத்துக் கட்டுகிறான், பாதி வீடு புழுதி என்று சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இவளுக்கு என்ன கொழுப்பு என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒருவர் தன் கையாலேயே பாத்ரூம் கட்டுவதைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். அதைப் பெஞ்சில் உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் வராது. எழுதித் தருகிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

தாராவியில் எங்களுடையது ஒற்றை அறை வீடு. அடுப்பும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான், மூலையில் மோரி. பம்பாயில் வளர்ந்தவர்களுக்கு மோரியைச் சொல்லித்தர வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தரையைவிட அரையடி தாழ்த்தி, சுற்றிலும் விளிம்பு கட்டி, மூலையில் ஓட்டை விட்ட மூன்றடிக்கு நாலடி இடம். பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது, குளிப்பது எல்லாம் அதற்குள்தான். யாராவது குளித்தால் குறுக்கே கயிற்றில் ஒரு பழைய சேலையைத் தொங்க விடுவோம். எங்கள் வீட்டு மோரிச் சேலை கத்தரிப்பூ நிறம். சோப்புத் தண்ணீர் பட்டுப் பட்டுக் கீழ்ப்பாதி வெளுத்துப் போயிருக்கும்.

அம்மா ஒரு நாள்கூட நிம்மதியாகக் குளித்தவளில்லை. பாவாடையை மார்புக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு, நாலு சொம்பு மளமளவென்று ஊற்றி, ஈரத்தின் மேலேயே சேலையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். கல்லியில், அந்த ஒடுக்குச் சந்தில், போகிறவர்களின் தலை ஜன்னலில் தெரியும். காற்றடித்தால் சேலை பறக்கும். அந்த நேரம் அப்பா வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு பீடி குடிப்பார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் அப்படித்தான்.

அப்பா தோல் பெட்டி செய்கிறவர். பயணத்துக்குக் கொண்டுபோவார்களே, பித்தளைக் கொக்கியும் பட்டையும் வைத்தது, அந்த மாதிரிப் பெட்டி. அவர் கையில் எப்போதும் தோலும் பசையும் கலந்த ஒரு வாடை இருக்கும். சோற்றில்கூட அது வரும். நான் முகத்தைச் சுளித்தால் அம்மா தலையில் ஒரு குட்டு வைப்பாள். பேச்சு குறைந்த மனுஷன். அம்மாவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஏதாவது சொல்வதென்றால் என்னிடம் சொல்வார், அது அம்மாவுக்குப் போய்ச் சேரும். நம் வீடுகள் பலவும் அப்படி நடந்தவைதானே.

ஹோலிக்கு மூன்று வாரம் முன்னால் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றில் கட்டி என்று எனக்குச் சொன்னார்கள். மார்பு என்ற சொல்லைச் சின்னப் பெண் முன்னால் சொல்ல யாருக்கும் நாக்கு வரவில்லை. அப்பாவின் தங்கை, பக்கத்துக் கல்லி அத்தை, சமைத்துப் போட வந்தாள். ஆபரேஷன் நடந்த அன்று அப்பா காலையிலிருந்து ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்றாராம், ஒரு டீகூடக் குடிக்கவில்லையாம். அம்மா மயக்கத்தில் இருந்ததால் அவரைப் பார்க்கவில்லை. மறுநாள் அவள் கண் விழித்தபோது பக்கத்தில் இருந்தது அத்தை மட்டும்தான். அப்பா பட்டறையில் இருந்தார். இதெல்லாம் அத்தை என்னிடம் சொன்னது. அம்மாவிடம் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றாமல், மோரி முன்னால் ரொம்ப நேரம் குந்தியிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா வந்தா அவளுக்குன்னு கதவு போட்ட எடம் ஒண்ணு இருக்கணும். நானே கெட்டிருவேன். அவ வாரவரைக்கும் அவகிட்ட மூச்சு விடாத, என்ன?"

எனக்கு ஒரே சந்தோஷம். பெரிய மனுஷியாக்கி என்னிடம் ஒரு ரகசியத்தைக் கொடுத்திருக்கிறார் அல்லவா?

அவர் வாழ்நாளில் சிமெண்ட் குழைத்ததில்லை. பங்கார் கடை மாமாதான் எல்லாம் கொடுத்தார். பங்கார் என்றால் பழைய சாமான். இடித்த கட்டடங்களிலிருந்து வருவதை எடைக்கு வாங்கி விற்கிற மாமா, காயல் பக்கத்து முஸ்லிம், அப்பாவை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். உடைந்த டைல்ஸ் இரண்டு சாக்கு, பாதிச் செங்கல், கதவுக்கு ஒரு தகரம். டைல்ஸில் பச்சை உண்டு, வெள்ளை உண்டு, ரோஜாப்பூ போட்ட துண்டு ஒன்றே ஒன்று. அதை எனக்குத் தரச் சொல்லி அழுதேன். தரவில்லை. அம்மா உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே தெரிகிற இடத்தில் அதைப் பதித்தார்.

அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்தால் எந்தக் கொத்தனாரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். பட்டறையில் தோல் வெட்டுவது போலவே செய்தார். முதலில் பழைய பேப்பரைத் தரையில் விரித்து வெட்டி அளவு எடுப்பது, அந்தப் பேப்பரை டைல்ஸ் மேல் வைத்து சாக்பீஸால் கோடு போடுவது, பிறகு சின்னச் சுத்தியலால் ஓரத்தைத் தட்டித் தட்டி உடைப்பது. நாலில் மூன்று தப்பாக உடையும். திட்டமாட்டார். அடுத்ததை எடுப்பார். பட்டறை விட்டு வந்து விளக்கு வைக்கும் நேரத்துக்குள் கொஞ்சம், காலையில் போகுமுன் கொஞ்சம். ஆஸ்பத்திரியில் பார்வை நேரமும் அதே சாயங்காலம்தான். அதனால் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனது நானும் அத்தையும்.

அம்மா முதல் இரண்டு நாள் கேட்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டாள், உங்கப்பா எங்கட்டி என்று. வேலையா இருக்காவ என்றேன். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாவம், அவளுக்கும் அது ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது. நாங்கள் சிரிப்பதை அம்மா பார்த்தாள். போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். வெயில் காலத்தில் எதற்குப் போர்வை என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வருகிறேன் என்று அப்பா சொல்லியனுப்பினார். அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை, தரை போட்டு முடித்திருந்தது. மாமாவும் வந்திருந்தார். அப்பா பெருமையாக ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். தண்ணீர் ஓட்டைப் பக்கமே போகவில்லை. நடுவில் தேங்கிக் கொஞ்சம் யோசித்துவிட்டு எங்கள் அடுப்பைப் பார்த்து வந்தது. வாட்டம் விடலியே அண்ணாச்சி என்றார் மாமா. தண்ணீர் ஓடத் தரையைச் சாய்க்க வேண்டும், அந்தச் சாய்வுக்குப் பெயர் வாட்டம் என்பது அப்பாவுக்குத் தெரியாது. தோலை மேசையில் விரித்தால் சமமாக இருக்க வேண்டும், அவர் அறிந்தது அவ்வளவுதான்.

மாமா போனதும் அப்பா சுத்தியலை எடுத்துத் தரை முழுவதையும் உடைத்தார். உடைத்து முடித்து அந்த நொறுங்கலின் நடுவில் உட்கார்ந்து அழுதார். ஆண்பிள்ளை அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தரைக்காக அழுகிறார் என்று நினைத்தேன். சிமெண்ட் ஒட்டிய கையாலேயே கண்ணைத் தேய்த்துக்கொண்டார். எரிச்சல் தாங்காமல் இன்னும் தேய்த்தார். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன்.

"நான் அழுதத அம்மாட்ட சொல்லிராத மக்ளே. அவ தைரியம் போயிரும்."

மறுநாள் காலையில் இரண்டு கண்ணும் வீங்கி, தக்காளி மாதிரி சிவந்து கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை. துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். இந்த மூஞ்சியோட போனா அவ பயந்திருவா, நீங்க போங்க என்று அத்தையிடம் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றினார்.

ஆஸ்பத்திரியில் அம்மா தலை வாரியிருந்தாள். வலது கையைத் தூக்க முடியாதே, பக்கத்துக் கட்டில் மராத்திக்காரம்மா பின்னிவிட்டாளாம். நெற்றியில் பொட்டு. வார்டு வாசலில் எங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழமையும் என்னட்டி வேலை?"

"தெரியாது. வேலையா இருக்காவ."

எவ்வளவு சுத்தமாகப் பொய் சொன்னேன் தெரியுமா? கொஞ்ச நேரம் கழித்து அவள் பொட்டைத் தானே அழித்துவிட்டாள், வியர்க்கிறது என்று சொல்லி. அந்தக் கட்டிலில் ஏறி அவள் காதில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே, பாவி.

ஹோலிக்கு மறுநாள் அம்மா வீட்டுக்கு வந்தாள். கல்லியெல்லாம் ஊதாவும் பச்சையுமாகச் சாயம் காய்ந்து கிடந்தது. அப்பா அன்று பட்டறைக்குப் போகவில்லை. குளித்துவிட்டுப் புதுச் சுவர் ஓரமாக, மார்க் வாங்கக் காத்திருக்கிற பையன் மாதிரி நின்றார். ஆள் உயரத்துக்கு மேல் சுவர். உள்ளே பச்சையும் வெள்ளையும் கலந்த தரை, இந்தத் தடவை வாட்டத்தோடு. தகரக் கதவின் ஓரம் கையைக் கிழிக்காமல் இருக்க நல்ல பழுப்புத் தோலை மடித்துத் தைத்திருந்தார், சத்தமே இல்லாமல் மூடும். கதவில் பளபளவென்று ஒரு பித்தளைத் தாழ்ப்பாள்.

அந்தத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

சிரிக்காதீர்கள். பெட்டிக்குக் கொக்கி எந்தப் பக்கம் இருக்கும்? வெளியேதானே? வருஷக்கணக்காக வெளிப்பக்கம் வைத்துத் தட்டிப் பழகிய கை, கதவையும் பெட்டி மூடி என்று எண்ணி வைத்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை. அத்தை கவனிக்கவில்லை. நான் அதைத் திறந்து மூடி விளையாடியவள், நானும் கவனிக்கவில்லை. உள்ளே வந்த அம்மா முதலில் பார்த்தது அதைத்தான்.

"தாப்பா வெளிய இருக்கே. என்னைய உள்ள வச்சுப் பூட்டவா?"

அத்தை கலகலவென்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு உடனே திருப்புளியை எடுத்து அதைக் கழற்றி உள்பக்கம் மாட்டினார். தகரத்தில் நாலு ஓட்டை நின்றது. அதில் மெழுகு வைத்து அடைத்தார். எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு என் தட்டில் சோறு போடும்போது மெதுவாகச் சொன்னாள், உங்கப்பா நல்லாத்தான் மறைச்சிருக்காவ என்று. பாராட்டு என்று நினைத்து ஓடிப்போய் அதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா முகம் மலர்ந்துவிட்டது.

சொல் ஒன்றுதான். சொன்னவளுக்கு ஒரு அர்த்தம், கேட்டவருக்கு ஒரு அர்த்தம், நடுவில் தூது போன கழுதைக்கு அர்த்தமே கிடையாது. ஆஸ்பத்திரிக்கு எட்டிப் பார்க்காதவர், அறுத்த உடம்பைப் பார்க்கப் பிடிக்காமல் மூன்று வாரம் மெனக்கெட்டுச் சுவர் எழுப்பியிருக்கிறார் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். இவள் யார் கண்ணுக்கும் கூசாமல் குளிக்க வேண்டும், தன் கண்ணுக்கும்கூட, என்பது அப்பாவின் கணக்கு. இரண்டு பேரும் வாய் திறந்து பேசுகிற ஜாதி இல்லை.

ஒரே ஒரு தடவை அம்மா முயன்றாள். வந்து பத்து நாள் இருக்கும். உள்ளே குளிக்கப் போனவள் கதவைப் பாதி திறந்து, இங்க பாருங்க, கை தூக்க முடியல, ரெண்டு சொம்பு ஊத்துங்க என்று கூப்பிட்டாள். என்னை இல்லை, அப்பாவை. அப்பா எழுந்தார். கதவு வரை போனார். கதவில் கை வைத்தபடி நின்றார். பிறகு திரும்பி என்னிடம், ஏட்டி, நீ போய் அம்மாவுக்கு ஊத்து என்றார். குரலில் அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையைத் தூக்கிச் சாக்கடையில் போட!

நான் உள்ளே போனேன். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கிட்டு ஊத்து என்றாள். மூடவில்லை. அவள் வலது கை வீங்கி உரலைப் போல இருந்தது. அக்குளிலிருந்து குறுக்கே ஒரு சிவப்பு வரி. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. கட்டி வயிற்றில் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ரோஜாப்பூ டைல்ஸ் அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. அவள் பார்த்தாளா, தெரியாது. அதற்குப் பிறகு அவள் அப்பாவைக் கூப்பிடவே இல்லை.

மழை பிடித்த பிறகு அம்மா படுத்துவிட்டாள். இருமல் வந்தது, பிறகு இடுப்பு வலி வந்தது. ஆஸ்பத்திரியில், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு மத்தியானம், மழை கூரைத் தகரத்தில் அடித்துக்கொண்டிருக்கிறது, அத்தை கடைக்குப் போயிருக்கிறாள். அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நான் இல்லன்னா உங்கப்பா இன்னொருத்தியக் கெட்டிக்கிடட்டும். நான் கோவிச்சுக்கிட மாட்டேன்னு நீ சொல்லணும். இந்த ஒடம்பப் பாக்கப் பிடிக்கலன்னா அது அவிய குத்தம் இல்ல."

எனக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. ஓவென்று அழுதுகொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். தண்ணீர் அடுப்புப் பக்கம் வந்தது, தரையை உடைத்தது, உடைத்துப்போட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதது, சிமெண்ட் கண்ணில் போனது, துவைத்த சட்டையைப் போட்டுக் கழற்றியது, ஆபரேஷன் அன்று நாளெல்லாம் வராந்தாவில் நின்றது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். திரும்பச் சொல்லு என்றாள். சொன்னேன். எங்க உக்காந்து அழுதாவ என்று கேட்டாள். மோரியைக் காட்டினேன். இன்னொரு தடவை கேட்டாள், இன்னொரு தடவை காட்டினேன்.

"ஏட்டி, இத அப்பமே சொன்னா என்ன?"

"சொல்லக்கூடாதுன்னாவ."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் மணிக்கட்டை விடாமல் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கண்ணீர் இரண்டு காதுக்கும் இறங்கியது.

அப்பா நனைந்துகொண்டே வேலையிலிருந்து வந்தார். அவர் தலையைத் துவட்டக்கூட விடவில்லை அம்மா. அத்தையும் நானும் இருக்கும்போதே, நேருக்கு நேராக, இன்னைக்கி நீங்க ஊத்துங்க, அவ வேண்டாம் என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அம்மாவை இரண்டு கையாலும் தூக்கினார். அதற்குள் அவள் என் கனம்கூட இருக்கமாட்டாள். மூன்றடிக்கு நாலடியில் இரண்டு பேர் நிற்க முடியாது, எப்படியோ உள்ளே போனார்கள். கதவு சத்தமில்லாமல் மூடியது. தாழ்ப்பாள் உள்பக்கம் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அத்தை என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். நான் போகவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் விழுந்தது. பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் விழவில்லை. பிறகு அம்மாவின் குரல்.

"கண்ணு ரொம்ப எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது, ஏளா" என்றார் அப்பா. எங்கள் பக்கம் பெண்டாட்டியை உரிமையாகக் கூப்பிடுகிற அந்தச் சொல்லை அவர் வாயில் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அதற்குப் பிறகு தண்ணீரும் மழையும் சேர்ந்து வேறு எதுவும் கேட்கவில்லை.

அம்மா இன்னும் ஒன்பது நாள் இருந்தாள். ஒன்பது நாளும் அப்பா பட்டறைக்குப் போகவில்லை, அவர்தான் குளிப்பாட்டினார். கடைசி நாட்களில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டதுதான் குளியல். அதையும் உள்ளே தூக்கிப்போய் உட்கார வைத்துத்தான் செய்தார். அப்பா வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரும் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எதற்கடி அன்றைக்கே சொல்லாமல் இருந்தாய் என்று ஒரு நாள்கூட அவர் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நீங்கள் சொல்வீர்கள், எனக்கு ஆறுதலாக. சொல்லாதீர்கள். ஹோலியிலிருந்து மழை வரை நாலு மாதம். அம்மாவின் கையில் தூக்கத்தில் தன் கை பட்டுவிடும் என்று பயந்து அப்பா என்னைத்தான் நடுவில் படுக்கப் போட்டார். அந்தப் பக்கம் அவள் விழித்துக்கொண்டு கிடந்தாள், இந்தப் பக்கம் அவர் விழித்துக்கொண்டு கிடந்தார். ரகசியத்தைக் காப்பாற்றிய நல்ல பிள்ளை, நான் நன்றாகத் தூங்கினேன்.